நர்ஸ் சுறாவும் அம்மாவின் சுறாப்புட்டும்

நர்ஸ் சுறான்னு ஒரு ஜீவன் கடல்ல இருக்கு. பேரைக் கேட்டதும் வெள்ளைத் தொப்பி வச்சுக்கிட்டு, கையில ஊசியோட வர்ற சுறாவை யாராவது கற்பனை பண்ணியிருந்தீங்கன்னா, கவலைப்படாதீங்க, எங்க வீட்டு ஜூனியரும் அதைத்தான் படமா வரைஞ்சா :-). ஆனா அந்தப் பேருக்கும் ஆஸ்பத்திரிக்கும் சம்பந்தமே கிடையாது. பழைய ஆங்கிலத்துல சின்னச் சின்னச் சுறாக்களை 'ஹஸ்'னு சொல்லுவாங்களாம். அது 'நஸ்' ஆகி, கடைசியில 'நர்ஸ்' ஆயிடுச்சுன்னு ஒரு விளக்கம். இன்னொரு விளக்கம், இந்தச் சுறா இரையை உறிஞ்சும்போது வர்ற சத்தம் குழந்தை பால் குடிக்கிற சத்தம் மாதிரி இருக்குமாம், அதனால வந்த பேர்னு. ரெண்டாவது விளக்கம் எனக்கு ஏன் பிடிச்சதுங்கிறதைப் பதிவோட பின்பாதியில சொல்றேன்.

புனேக்கு வந்து 14 வருஷம் ஆச்சு. ஹிஞ்சவடியில ஆணி புடுங்குற வேலை. வீடு வாகட்ல. சொந்த ஊர் தூத்துக்குடி. கடலுக்குப் பக்கத்துல பிறந்து வளர்ந்தவனுக்கு, மலையும் டிராஃபிக் ஜாமும் மட்டுமே இருக்குற ஊர்ல பிழைப்புன்னு எழுதியிருக்கு. ஜூனியருக்கு இப்ப 12 வயசு தாண்டிருச்சு. அபார்ட்மெண்ட் நீச்சல் குளத்துல மீன்குஞ்சு மாதிரி நீந்துவா. ஆனா அவளுக்குக் கடல்னா, லீவுல ஊருக்குப் போகும்போது துறைமுகம் பக்கம் காரை நிறுத்திப் பார்க்குற ஒரு விஷயம். அவ்வளவுதான். நீந்தத் தெரிஞ்ச பொண்ணைக் கடல்ல இறக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.

2023 பிப்ரவரியில மாலத்தீவு போனோம். "தேனிலவுக்குக் கூட்டிட்டுப் போகாதவரு இப்பவாவது கூட்டிட்டுப் போறாரே"ன்னு தங்கமணி சொன்னதை இங்கே பதிவு பண்ணலைன்னா வீட்ல சோறு கிடையாது, அதனால பண்ணிட்டேன்.

சினிமாவுல காட்டுற மாதிரி தண்ணிக்கு மேல மரவீடு கட்டின ரிசார்ட்டெல்லாம் நம்ம பட்ஜெட்டுக்கு ஆகாது. ஒரு காலத்துல வெளிநாட்டுப் பயணிகள் ரிசார்ட் தீவுகள்ல மட்டும்தான் தங்க முடியும். 2009, 2010 வாக்குல சட்டத்தைத் தளர்த்தி, உள்ளூர் மக்கள் வாழுற தீவுகள்லயும் விருந்தினர் இல்லம் நடத்தலாம்னு அனுமதிச்சாங்க. அதுக்கப்புறம்தான் நம்மள மாதிரி ஆளுங்களுக்கும் மாலத்தீவு எட்டுற தூரத்துக்கு வந்துச்சு. நாங்க போனது வாவு அட்டோல்ல இருக்குற ஃபுலிதூங்கிற குட்டித் தீவு. மாலேயில இருந்து ஸ்பீடு போட்ல ஒன்றரை மணி நேரம். தீவோட ஒரு முனையில இருந்து மறு முனைக்கு, பேசிக்கிட்டே நடந்தாலும் சீக்கிரம் போயிடலாம்.

எனக்கு அங்கே அந்நியமா இருந்த விஷயம் கம்மிதான். அவங்க படகுக்குப் பேர் தோணி. எங்க ஊர்லயும் அது தோணிதான். தூத்துக்குடித் தோணிகள் வெங்காயம், காய்கறி, கட்டுமானச் சாமான் எல்லாம் ஏத்திக்கிட்டு மாலேக்குப் போறது பல தலைமுறைப் பழக்கம். 2020 செப்டம்பர்ல தூத்துக்குடியில இருந்து கொச்சி வழியா மாலத்தீவுக்கு நேரடிச் சரக்குக் கப்பலும் விட்டாங்க. நம்ம வீட்டுச் சமையல்ல போடுற மாசிக் கருவாடு இருக்கே, அதோட பூர்வீகமே அந்தத் தீவுகள்தான். அவங்க மொழியில மீனுக்கு 'மஸ்'. காலைச் சாப்பாட்டுக்கு மஸ் ஹுனின்னு ஒண்ணு தந்தாங்க. சூரை மீனை உதிர்த்து, தேங்காய்த் துருவல், வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சை சேர்த்துப் பிசைஞ்சு, சப்பாத்தி மாதிரி ஒண்ணோட சாப்பிடணும். முதல் வாய் வச்சதும் தங்கமணி என்னைப் பார்த்தாங்க. "உங்க அம்மா பண்ற புட்டு மாதிரியே இல்ல?"ன்னு கேட்டாங்க. அதேதான். மீன்தான் வேற.

அம்மாவுக்கு அன்னிக்கு ராத்திரி போன் போட்டு, நாளைக்குச் சுறா பார்க்கப் போறோம்னு சொன்னேன்.

"பார்க்கவா? வாங்கவா?"

"பார்க்கத்தாம்மா. கூட நீந்தப் போறோம்."

"எய்யா, சுறா என்ன நாய்க்குட்டியா கூட விளையாட? பச்சப்புள்ளைய வேற கூட்டிட்டுப் போயிருக்க. கரையில இருந்து பாத்துட்டு வந்துருங்க."

எங்க அம்மாவுக்குச் சுறான்னா சட்டியில பார்த்துத்தான் பழக்கம். பால் சுறாவை மஞ்சள் போட்டு வேக வச்சு, தோலை உரிச்சு, உதிர்த்து, பூண்டும் வெங்காயமும் மிளகுமா வதக்கி எடுத்தா சுறாப்புட்டு. பிள்ளை பெத்தவளுக்கு அதுதான் முதல் மருந்து. பால் நல்லா ஊறும்னு நம்பிக்கை. நான் பிறந்தப்ப எங்க ஆச்சி அம்மாவுக்குச் செஞ்சு கொடுத்தாங்க. ஜூனியர் பிறந்தப்ப, தங்கமணிக்கு அம்மா செஞ்சு கொடுத்தாங்க. அப்போ தூத்துக்குடியில இருந்து ரயில்ல புனே வரைக்கும் சுறாக் கருவாடு வந்துச்சு. அந்தக் கம்பார்ட்மெண்ட்ல கூட வந்த மராட்டிக்காரங்க எங்களை மன்னிச்சிருப்பாங்கன்னு நம்புறேன் :-)

சரி, சுறாவுக்கு வருவோம்.

மாலத்தீவுல இருக்குறது இந்தியப் பெருங்கடல், பசிபிக் பக்கத்து நர்ஸ் சுறா. பழுப்பும் செம்மண்ணும் கலந்த நிறம். அமெரிக்கா பக்கம், கரீபியன் கடல்ல இருக்குறது இதோட ஒண்ணுவிட்ட சகோதரம், வேற இனம். நம்ம பக்கத்து இனம் 3 மீட்டருக்குக் கொஞ்சம் மேல வரைக்கும் வளரும். நம்ம லட்சத்தீவு, அந்தமான் கடல்லயும் உண்டு. மூக்குக்குக் கீழே ரெண்டு மீசை தொங்கும். கண்ணு உடம்புக்குச் சம்பந்தமில்லாம துக்கினியூண்டு. வாயும் சின்னது. வால் மட்டும் ரொம்ப நீளம். நண்டு, சிங்கி இறால், கணவாய், சின்ன மீன்னு, பவளப்பாறை இடுக்குல ஒளிஞ்சிருக்குறதை வாயை வச்சு ஒரே உறிஞ்சா உறிஞ்சி இழுத்துரும். வேக்குவம் கிளீனர்னு வச்சுக்கோங்களேன்.

அதுக்கு வேலை ராத்திரியில. பகல் முழுக்கத் தூக்கம். பல சுறாக்களுக்கு நீந்திக்கிட்டே இருந்தாத்தான் செவுள் வழியா தண்ணி ஓடும், மூச்சு விட முடியும். நர்ஸ் சுறாவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வாய்த் தசையாலயே தண்ணியைப் பம்ப் பண்ணி, ஒரே இடத்துல படுத்துக்கிட்டு மூச்சு விடும். பாறைக்கு அடியில நாலஞ்சு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வச்ச மாதிரி தூங்கிக்கிட்டு இருக்குமாம். திவேஹி மொழியில இதுக்குப் பேர் 'நிதன் மியரு'. தூங்குமூஞ்சி சுறான்னு வச்சுக்கலாம். நைட் ஷிஃப்ட் பார்த்துட்டுப் பகல்ல தூங்குற ஜாதின்னு தெரிஞ்சதும் எனக்கு ஒரு சகோதர பாசமே வந்துருச்சு. அமெரிக்க கிளையண்டுக்கு ஆணி புடுங்குறவனுக்குத்தானே அந்த வலி தெரியும்.

மறுநாள் சாயங்காலம் படகுல கூட்டிட்டுப் போனாங்க. பக்கத்துல அலிமதாங்கிற தீவுப் பக்கம்தான் இந்தச் சுறாக்கள் கூடுற இடம். உலகம் பூரா இருந்து ஆளுங்க அங்கே ராத்திரி டைவிங் பண்ண வர்றாங்க. எங்களுக்கு டைவிங் தெரியாது, முகமூடியும் குழாயும் மாட்டிக்கிட்டு மேலாப்ல மிதக்குற ஸ்நார்க்கலிங்தான். தங்கமணிக்கு நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட் போட்டு, வழிகாட்டி தம்பி பிடிச்சுக்கிட்டு இருந்த மிதவை வளையத்தை விடாம பிடிச்சுக்கிட்டாங்க. ஆனா இறங்கினாங்க. அதை நான் எதிர்பார்க்கலை. மதுரையில வைகையில தண்ணி வந்தா எட்டி நின்னு பார்த்தே பழகினவங்க.

தலையைத் தண்ணிக்குள்ள வச்ச நிமிஷம் மூச்சு நின்னுருச்சு. கீழே இருபதாவது இருக்கும். எண்ண முடியலை, ஒண்ணை எண்ணி முடிக்கிறதுக்குள்ள அடுத்தது குறுக்கே போகும். என்னை விட நீளமானதெல்லாம் அலட்டிக்காம, வாலை ஆட்டி ஆட்டி, சந்தைக்குள்ள மாடு நடக்குற மாதிரி போகுது. நடுவுல பாரை மீன் கூட்டம். மணல்ல திருக்கை. ஒரு சுறா நேரா என் கீழே வந்து, வயித்துக்கும் அதோட முதுகுக்கும் ஒரு முழம் இடைவெளியில கடந்து போச்சு. பயப்படக்கூட நேரம் இல்லை.

பக்கத்துப் படகுல இருந்து யாரோ மீன் துண்டுகளைத் தூக்கிப் போட்டாங்க. அவ்வளவுதான். தண்ணி கொதிச்ச மாதிரி ஆச்சு. அத்தனையும் ஒரே இடத்துக்குத் திரும்பி, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, தண்ணிக்கு மேல வாயைத் தூக்கி உறிஞ்சுது. இதுக்குன்னு ஆளுங்க கைதட்டுறாங்க. ஒருத்தர் சுறா முதுகைத் தடவி போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தார். எங்க வழிகாட்டி எங்களை மெல்ல அந்த இடத்துல இருந்து தள்ளிக் கூட்டிட்டுப் போயிட்டார்.

படகுல ஏறி டவல் போர்த்திக்கிட்டு உட்கார்ந்ததும் ஜூனியர் கேட்டா:

"அப்பா, இது வைல்டா? இல்ல, ஜூ மாதிரியா?"

என்கிட்ட பதில் இல்லை. வழிகாட்டிகிட்டயே கேட்கச் சொன்னேன். அவருக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும், அந்தத் தீவுப் பிள்ளை. கொஞ்சம் யோசிச்சுட்டுச் சொன்னார்: "வேலி கிடையாது, எப்ப வேணா போகலாம். அதனால வைல்டு. ஆனா சாப்பாட்டு நேரம் தெரிஞ்சு வருது. அதனால கொஞ்சம் வைல்டு இல்லை." பல வருஷமா படகுகள்ல இருந்தும் கரையில இருந்தும் மீன் கழிவைப் போட்டுப் போட்டு, அந்த நேரத்துக்கு வரணும்னு சுறாக்கள் பழகிட்டதாம். இன்ஜின் சத்தம் கேட்டாலே கூடிருமாம். அப்புறம் அவரே சொன்னார், "உண்மையான நிதன் மியருவைப் பார்க்கணும்னா நாளைக்குக் காலையில வாங்க. ஆனா அது ஒண்ணுமே பண்ணாது. போரடிக்கும்."

காலையில நானும் ஜூனியரும் மட்டும் போனோம். தீவுக்குப் பக்கத்துலயே பவளப்பாறை. கரையில இருந்து நீந்தியே போயிடலாம். வேற படகு இல்லை, ஆள் இல்லை. ஒரு பாறை விளிம்புக்கு மேல வந்ததும் வழிகாட்டி கையைக் காட்டினார். எனக்கு ஒண்ணும் தெரியலை. மணல், பாறை, நிழல். அப்புறம்தான் அந்த நிழல்ல ஒரு வால் தெரிஞ்சுது.

பாறைக்கு அடியில, முக்கால்வாசி உடம்பை உள்ளே விட்டுக்கிட்டு ஒரு சுறா படுத்திருந்துச்சு. உத்துப் பார்த்தா அதுக்குப் பின்னால இன்னொண்ணு, முதல் சுறா மேல தலையைச் சாய்ச்ச மாதிரி. செவுள் மட்டும் மெதுவா திறந்து திறந்து மூடுது. வேற எந்த அசைவும் இல்லை. நாங்களும் அசையலை. மேல மிதந்துக்கிட்டு, குழாய்க்குள்ள எங்க மூச்சுச் சத்தத்தையே கேட்டுக்கிட்டுப் பார்த்தோம். பத்து நிமிஷம் இருக்கும். முந்தின நாள் இருபது சுறா பார்த்தப்ப வராத ஒண்ணு அன்னிக்கு வந்துச்சு. யாரோ வீட்டுக்குள்ள, அவங்க தூங்கும்போது, ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துட்ட மாதிரி ஒரு கூச்சம். ஜூனியர் என் கையைப் பிடிச்சு ஒரு தடவை அழுத்தினா. போலாம்னு அர்த்தம். எழுப்பாம வந்துட்டோம்.

கரைக்கு வந்ததும் அவ சொன்ன ஒரே வாக்கியம்: "இதுதான்பா வைல்டு."

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிடணும். நர்ஸ் சுறா சாதுன்னு எல்லாரும் எழுதுவாங்க. சாதுதான். ஆனா பொம்மை இல்லை. வாலைப் பிடிச்சு இழுத்தாலோ, தூங்கும்போது குத்தினாலோ, கையில மீனை வச்சுக்கிட்டு நீட்டினாலோ கடிக்கும். கடிச்சா சீக்கிரம் விடாது. 2016-ல அமெரிக்காவுல ஃபுளோரிடாவுல, ரெண்டடி நீளமே இருந்த ஒரு நர்ஸ் சுறா ஒரு பொண்ணோட கையைப் பிடிச்சுக்கிட்டு, செத்த பிறகும் விடாம, அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வேண்டியதாச்சு. 2022-ல மாலத்தீவுலயே நீந்திக்கிட்டு இருந்த ஒரு பயணியோட தோள்ல ஒரு நர்ஸ் சுறா கடிச்சுது. மனுஷக் கையில இருந்து சாப்பாடு வரும்னு பழகின பிராணிக்கு, கை எது, சாப்பாடு எதுன்னு எப்பவும் சரியாத் தெரியும்னு எதிர்பார்க்க முடியாது. அந்தப் பழக்கத்தை ஏற்படுத்தினது யாருன்னும் யோசிக்கணும்.

ஆனா ஒண்ணு, இத்தனை சுறா அங்கே இருக்குன்னா அதுக்குக் காரணம் சட்டம். ஒரு காலத்துல மாலத்தீவுல சுறாவைப் பிடிச்சு, ஈரல் எண்ணெயை மரத்தோணிகளுக்குப் பூசுவாங்க. அப்புறம் துடுப்புக்கு வெளிநாட்டுல விலை கிடைச்சதும் வேட்டை ஜாஸ்தியாச்சு. 1993-ல வந்த ஒரு ஆய்வுல ஒரு கணக்குப் போட்டாங்க. உயிரோட நீந்துற ஒரு சாம்பல் நிறப் பாறைச் சுறா, டைவிங் பயணிகள் மூலமா நாட்டுக்கு வருஷத்துக்குச் சராசரியா 3,300 டாலர் கொண்டு வருது. அதே சுறாவைப் பிடிச்சா மீனவருக்கு ஒரே ஒரு தடவை 32 டாலர். 1998-ல சுற்றுலா இருக்குற அட்டோல்கள்ல தடை வந்துச்சு. 2010-ல நாடு முழுக்க, அவங்க கடல் முழுக்க, சுறா பிடிக்கவே கூடாதுன்னு சட்டம். அதுல பிழைப்பை இழந்த மீனவர்களும் உண்டுங்கிறதையும் மறந்துடக் கூடாது. கணக்குல வர்ற 3,300 டாலர் சுறா பிடிச்சவர் வீட்டுக்குத்தான் போகும்னு எந்தச் சட்டத்துலயும் எழுதலை.

நம்ம நாட்டுலயும் சும்மா இல்லை. திமிங்கலச் சுறாவைப் பிடிக்க 2001-ல தடை. துடுப்பை மட்டும் வெட்டிக்கிட்டு உடம்பைக் கடல்ல எறியக் கூடாதுன்னு 2013-ல உத்தரவு. துடுப்பு ஏற்றுமதிக்கே 2015-ல தடை. பாதுகாப்புப் பட்டியல்ல இல்லாத இனங்களைக் கறிக்குப் பிடிக்கிறது இன்னிக்கும் சட்டப்படி சரிதான். நம்ம பக்கத்து நர்ஸ் சுறாவை, அழியும் ஆபத்து வரக்கூடிய இனம்னு உலக அளவுல வகைப்படுத்தியிருக்காங்க.

ஊர் திரும்பினோம். ரெண்டு மாசத்துல என் தங்கச்சிக்குப் பிரசவம். அவளும் புனேதான். ஊருக்குப் போய்ப் பெத்துக்க வேலை இடம் கொடுக்கலை, அதனால அம்மா இங்கே வந்தாங்க. பை நிறைய மருந்துச் சாமான், பூண்டு, கருப்பட்டி. அடியில, நாலு பிளாஸ்டிக் கவர் சுத்தி, சுறாக் கருவாடு.

ஜூனியர் அதைப் பார்த்தா. ஒண்ணும் சொல்லலை. ராத்திரி சாப்பிடும்போது, "ஆச்சி, நான் இனிமே சுறா சாப்பிட மாட்டேன்"னா.

"உனக்கு யாரும்மா குடுத்தா? அது அத்தைக்கு."

"அத்தைக்கும் வேண்டாம் ஆச்சி."

வீடு கப்சிப்னு ஆயிடுச்சு. அம்மாவுக்கு முகம் சுருங்கிப் போச்சு. அவங்களுக்கு அது ஒரு மீன் மட்டும் இல்லை. தன் மகளுக்குத் தாய்வீட்டுல வச்சுச் செய்ய முடியாத அத்தனையையும் அந்த ஒரு பொட்டலத்துல கட்டி, ரெண்டு ராத்திரி ரயில்ல மடியில வச்சுக் கொண்டு வந்திருக்காங்க. அதைப் பேத்தி ஒரு வார்த்தையில வேண்டாம்னுட்டா. வெளியூர்ல பிள்ளை வளர்க்குற நமக்கு இது தெரிஞ்ச வலிதான். பாஷை பாதி போகும், சாப்பாடு பாதி போகும். ஒவ்வொரு தடவையும் பெரியவங்க முகம் இப்படித்தான் சுருங்கும்.

இதுல இன்னொரு விஷயமும் இருந்துச்சு. அதைச் சொல்ல வேண்டியது நான்தான். பெரிய மீனைத் தின்னு வளர்ற பெரிய மீன்கள்ல பாதரசம் சேரும். கடல்ல கரைஞ்சிருக்குறது சின்ன மீனுக்குள்ள போய், அதைத் தின்கிற மீனுக்குள்ள போய், மேல போகப் போக அளவு கூடிக்கிட்டே போகும். சுறா அந்த ஏணியோட மேல் படியில இருக்குறது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்குற அம்மாக்களும் தவிர்க்க வேண்டிய மீன்கள்னு அமெரிக்க அரசு போட்டிருக்குற பட்டியல்ல சுறாவும் இருக்கு. பிறந்த குழந்தையோட மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்ங்கிறதுதான் பயம். பால் சுறா சின்ன இனம்தான், பெரிய சுறா அளவுக்கு இருக்காது. ஆனா காய வச்சுத் துண்டு போட்ட கருவாட்டைப் பார்த்து, இது எந்தச் சுறா, எவ்வளவு பெருசுன்னு யார் சொல்ல முடியும்?

அம்மாகிட்ட உட்கார்ந்து சொன்னேன். சண்டை போடுவாங்கன்னு நினைச்சேன். போடலை. ரொம்ப நேரம் கழிச்சு, "அப்போ உங்களுக்கெல்லாம் நாங்க விஷத்தையா குடுத்தோம்?"னு மட்டும் கேட்டாங்க.

இல்லம்மா. அப்போ வந்த சுறா கைப்பிடி நீளத்துச் சின்னச் சுறா, அன்னன்னிக்குக் கரைக்கு வந்தது, நீயே பார்த்து வாங்கினது. ஆச்சி என்ன கிடைச்சுதோ அதுல நல்லதைத் தேடிச் செஞ்சாங்க. நீயும் அதைத்தான் செய்யுற. இப்படித்தான் சொன்னேன். எவ்வளவு தூரம் உள்ளே போச்சோ.

முடிவெடுத்தது தங்கச்சிதான், அவ உடம்பு, அவ குழந்தை. "எம்மா, எனக்குச் சுறா வேண்டாம். ஆனா உங்க கையால வேற ஏதாச்சும் செஞ்சு குடுங்க"ன்னா.

அம்மா அன்னிக்கு ராத்திரி பூரா யோசிச்சிருப்பாங்க போல. காலையில ஊருக்குப் போன் போட்டாங்க. பெரியம்மாகிட்ட, "காரக் கருவாடு கிடைச்சா அனுப்பி விடு"ன்னு சொல்றது கேட்டுச்சு. அப்போதான் எனக்கும் ஞாபகம் வந்துச்சு. காரல்! உள்ளங்கை அகலத்துக்கு, வெள்ளியா மின்னுற குட்டி மீன். எங்க பக்கம் பிள்ளை பெத்தவளுக்குக் காரல் போட்டுச் சொதி வச்சுக் கொடுக்குறது உண்டு. சுறா வாங்க முடியாத வீட்டுல அதுதான் பால் மருந்து. ஏணியோட கீழ்ப் படியில இருக்குற மீன். பதில் எங்க அம்மாவோட சமையலறையிலயே இருந்திருக்கு. அமெரிக்க அரசாங்கத்துகிட்ட அந்தப் பதில் இல்லை :-)

கூரியர் வந்து சேர்ந்துச்சு. தேங்காய்ப் பால், பூண்டு, சீரகம் போட்டுச் சொதி கொதிச்ச வாசனையில வாகட்ல எங்க மாடி மொத்தமும் ஜன்னலைச் சாத்துச்சு. ஜூனியர் ஆச்சி பக்கத்துல நின்னு பூண்டு உரிச்சா. உரிச்சுக்கிட்டே மாலத்தீவுக் கதையைச் சொன்னா. தாய்ச் சுறா வயித்துக்குள்ளேயே குட்டி பொரிஞ்சு, அங்கேயே வளரும் ஆச்சி. உள்ளே இருக்குற குட்டிக்குச் சாப்பாடா அம்மா இன்னும் இன்னும் முட்டை உண்டாக்கிக் கொடுத்துக்கிட்டே இருக்கும். அதைத் தின்னுதான் குட்டி பெருசாகும். அதனால ஒரு தடவைக்கு ரொம்பக் கொஞ்சம் குட்டிதான் பிறக்கும்.

அம்மா கரண்டியைக் கீழே வச்சுட்டுக் கேட்டாங்க. "வயித்துக்குள்ளயே வச்சு ஊட்டுமா?"

"ஆமா ஆச்சி."

"அப்போ அதும் பிள்ளை வளக்குறதுதான்."

கொண்டு வந்த சுறாக் கருவாட்டை அம்மா தூக்கிப் போடலை. வீணாக்குறது அவங்க ஜாதகத்துலயே கிடையாது. அம்மாவும் நானும் சாப்பிட்டோம். ஜூனியர் சாப்பிடலை, அவளை யாரும் வற்புறுத்தவும் இல்லை. அடுத்த தடவை ஊர்ல இருந்து வரும்போது பையில சுறா இருக்குமான்னு கேட்டா எனக்குத் தெரியாது. அம்மாகிட்ட நான் கேட்கவும் போறதில்லை.

குடும்பத்தோட போகணும்னு நினைக்கிறவங்களுக்காகக் கொஞ்சம் கொசுறு:

நீச்சல் தெரியாதவங்களும் இறங்கலாம். லைஃப் ஜாக்கெட்டையும் வழிகாட்டியையும் விடாதீங்க. உள்ளூர்த் தீவுல தங்கினா அங்கே மது கிடையாது, ஊருக்குள்ள உடம்பை மூடின உடைதான் மரியாதை. அதுக்குன்னு பயந்துக்காதீங்க, நம்ம அம்மா அப்பாவோட போக அதை விட நல்ல இடம் இல்லை.

படகை ஏற்பாடு பண்ணும்போதே, "மீன் போடுவீங்களா?"ன்னு கேளுங்க. போட மாட்டோம்னு சொல்றவங்களோட போங்க. தண்ணிக்குள்ள சுறாவைத் தொடாதீங்க, வாலுக்குப் பின்னால துரத்தாதீங்க, பாறைக்கு அடியில படுத்திருந்தா வழியை மறிச்சுக்கிட்டு நிக்காதீங்க. கையை மடக்கி நெஞ்சோட வச்சுக்கோங்க.

அப்புறம், இருபது சுறா பார்த்த போட்டோவை எல்லாருக்கும் காட்டுங்க, தப்பில்லை. ஆனா ஒரு காலையில சீக்கிரம் எழுந்து, தூங்கிக்கிட்டு இருக்குற ஒண்ணையாவது தூரத்துல இருந்து பார்த்துட்டு வாங்க. ஒண்ணுமே பண்ணாது. போரடிக்காது.